பழகிய வாய்

என் மைத்துனன் ஒரு பழைய ஜீப் வாங்கினான். ஜீப் என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். பிக்கப் என்று சொல்லவேண்டும். எவரோ ஒரு புண்ணியவான் அதன் பின்பக்கத்தை அறுத்தெடுத்துவிட்டுச் சாமான் ஏற்றுவதற்காக இரும்புத் தொட்டி ஒன்றைக் கட்டிவிட்டிருந்தார். பெட்ரோலில் ஓடும் வண்டி. அல்ல, ஒரு காலத்தில் ஓடிய வண்டி. மூன்று வருஷமாக ஒரு மாந்தோப்பில் கொட்டகைக்குள் நின்றிருந்தது. அதற்கு ஒன்றுக்கு இரண்டாகப் பெட்ரோல் டாங்க்குகள்: டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒன்று, பின்னால் யாரோ கூடுதலாகப் பொருத்தியது ஒன்று. இரண்டிலும் பழைய பெட்ரோல் பாதிக்குமேல் கிடந்தது.

வண்டியை லாரியில் ஏற்றி மூலக்கொத்தளத்துக்குக் கொண்டுபோனான். "அத்தான், நீங்களும் வாங்க. உங்களுக்குக் கதைக்கு ஏதாவது அகப்படும்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனான். கதை எழுதுகிறவனைக் கூட்டிப்போவதற்கு எல்லாரும் சொல்லும் காரணம் இது. கதை அகப்படவில்லை. ஒரு கேள்வி அகப்பட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மூலக்கொத்தளத்தைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. பேசின் பிரிட்ஜ் ரயில் தண்டவாளங்களுக்கும் பழைய வண்ணாரப்பேட்டைக்கும் இடையே இருக்கிற பேட்டை. பெயரிலேயே கோட்டைச் சுவரின் கொத்தளம் இருக்கிறது, சுவர்தான் இல்லை. முதல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைப்பட்டு 1939இல் உயிர்விட்ட நடராசனும் தாளமுத்துவும் அடங்கியிருப்பது இங்குள்ள இடுகாட்டில். வடக்கே போனால் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று துறைமுகமும் தொழிற்சாலையும் லாரியுமாக ஊர் நீண்டுகொண்டே போகும். பக்கத்தில் பக்கிங்காம் கால்வாய். கால்வாயைப் பற்றிப் பிறகு சொல்லவேண்டியிருக்கிறது.

நாங்கள் போன பட்டறை, ஒரு தகரக் கூரையும் அதன்கீழ் ஒரு பள்ளமும். மேஸ்திரிக்கு அறுபது வயது இருக்கும். கூட ஒரு பையன். பத்தொன்பது இருபது வயசு. மேஸ்திரி டாங்க்கின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "பெட்ரோல் இல்ல சார் இது, வார்னிஷ்" என்றார்.

அவர் சொன்னது சரிதான். பெட்ரோல் என்பது ஒரே பொருள் அல்ல. பல எண்ணெய்களின் கூட்டுக் குடும்பம். அதில் லேசானவை, சுலபமாகத் தீப்பற்றுகிறவை, முதலில் ஆவியாகிப் போய்விடும். மிஞ்சியவை காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து பிசினாகத் திரியும். அந்தப் பிசின் கார்பரேட்டரின் ஊசித் துவாரங்களை அடைத்துவிடும். போதாததற்கு, இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். 2022இல் பத்து சதவீதத்தை எட்டி, 2025இல் இருபது என்று ஆகிவிட்டது. எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் ஆசை. காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் தண்ணீரும் தானுமாகப் பிரிந்து டாங்க்கின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். இரும்பு டாங்க் என்றால் துரு. ஆகவே புதுப் பெட்ரோல் ஊற்றுவதற்கு முன்னால் பழையதை ஒரு சொட்டு விடாமல் இறக்கியாக வேண்டும். அடியில் இருந்த போல்ட் துருப்பிடித்து டாங்க்கோடு ஒன்றாகிப் போயிருந்தது. வெல்டிங்கும் சுத்தியும் பக்கத்தில் கொண்டுபோகக்கூடாத இடம். மேலேயிருந்துதான் எடுக்கவேண்டும்.

மேஸ்திரி என் மைத்துனனைப் பார்த்துக் கேட்டார்: "கைப் பம்பு ஒண்ணு இருந்திச்சி, ரப்பர் போயிடிச்சி. புதுசு இருநூறு ரூபா. வாங்கியாரச் சொல்லட்டுமா, பில்லுல சேத்துக்கலாமா?"

மைத்துனன் சிரித்தான். "அதான் பையன் இருக்கானே!"

இந்த வாக்கியத்தைக் கேட்டபோது நான் அங்கே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். என் சட்டைப் பையில் இருநூறு ரூபாய் இருந்தது. இதைக் குறித்துக்கொள்ளுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பின்னால் நான் தர்மம் பேசும்போது ஞாபகம் வைத்துக்கொள்வதற்காக.

பையன் ஒரு பிளாஸ்டிக் குழாயை எடுத்தான். ஒரு நுனி டாங்க்குக்குள். மறு நுனி அவன் வாயில். பள்ளத்துக்குள் இறங்கிக் குந்தினான். டாங்க்கைவிடத் தாழ்வான இடத்தில் தகர டின்னை வைத்துக்கொண்டான். ஒரு இழுப்பு. குழாயில் பழுப்பு நிறமாக ஏதோ ஏறிற்று. சட்டென்று வாயை எடுத்து நுனியை டின்னுக்குள் விட்டான். பெட்ரோல் கொட்ட ஆரம்பித்தது. சாமர்த்தியந்தான். இரண்டாவது டாங்க்கில்தான் சறுக்கியது. பாதியில் காற்றுப் புகுந்து ஓட்டம் நின்றது, மறுபடி இழுத்தான், நின்றது, மறுபடி. மூன்றாவது தடவை ஒரு வாய் நிறைய வந்துவிட்டது. துப்பினான். இருமினான். கண்ணில் நீர் கொட்டிற்று. வாயைக் கொப்புளித்துவிட்டு, மீதி இருந்த என் டீயை மேஸ்திரி நீட்ட, அதை வாங்கிக் குடித்தான்.

"என்னப்பா, டாக்டரிடம் போகலாமா?" என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணியும் இல்ல சார். டெய்லி பண்றதுதான். எனக்குப் பழக்கம்."

மைத்துனனும் சொன்னான்: "அவங்களுக்கு அது பழக்கம் அத்தான்."

ஒரே வார்த்தைதான். ஆனால் அவன் சொன்னதும் இவன் சொன்னதும் ஒன்றல்ல. பையன் சொன்னது தன்னைப் பற்றி. அதில் ஒரு வீரம் இருந்தது. மைத்துனன் சொன்னது மற்றவனைப் பற்றி. அதில் ஒரு சௌகரியம் இருந்தது. 'எனக்குப் பழக்கம்' என்பதை 'அவனுக்குப் பழக்கம்' என்று ஆக்கினோமானால் ஒரு மனிதனின் பொறுமை நம்முடைய சொத்தாகிவிடுகிறது. என்னுடைய கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. ஒருவன் ஒரு கஷ்டத்துக்குப் பழகிவிட்டான் என்பது, அந்தக் கஷ்டத்தை அவனுக்கு மறுபடி கொடுக்க எனக்கு உரிமை தருமா?

முதலில், பழக்கம் என்று எதைச் சொல்கிறோம்? நுரையீரல் பெட்ரோலுக்குப் பழகுவதில்லை. வயிற்றுக்குப் போனதைவிட மூச்சுக்குழாயில் இறங்கியது மோசம் என்கிறது வைத்திய சாஸ்திரம். பெட்ரோல் தண்ணீரைவிட லேசாக, மெல்லிசாக ஓடுவது. ஒரு துளி உள்ளே இறங்கினாலும் நுரையீரலின் சுவரில் பரவிப் புண்ணாக்கிவிடும். சில மணி நேரத்தில் இருமல், மூச்சு முட்டல், காய்ச்சல். குடித்தவனுக்கு வாந்தி எடுக்க வைக்கக்கூடாது என்று டாக்டர்கள் எச்சரிப்பதும் இதற்காகத்தான்: வரும் வழியில் மறுபடி மார்புக்குள் இறங்கிவிடும். வாயில் மண்ணெண்ணெயை வைத்துக்கொண்டு நெருப்பு ஊதும் வித்தைக்காரர்களுக்கு வருவது என்று இந்த நோய்க்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். பெட்ரோலில் பென்சீன் என்று ஒன்று இருக்கிறது. அது நாள்பட்டால் ரத்தப் புற்றுநோய்வரை கொண்டுபோகும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே எழும்பிப் போகாது. கீழே இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். பையன் குந்தியிருந்த அதே பள்ளத்தில்.

அப்படியானால் பழகியது எது? பயம் பழகியிருக்கிறது. பயப்பட்டுப் பிரயோஜனம் இல்லை என்பது பழகியிருக்கிறது.

"நான்கூடக் காலேஜில் படிக்கிறபோது ஸ்கூட்டரிலிருந்து உறிஞ்சியிருக்கேன். எனக்கு என்ன ஆச்சு?" என்று மைத்துனன் வீடு திரும்பும்போது கேட்டான். நல்ல கேள்வி. அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்று ஒரு எஞ்சினியர் இருந்தார். எஞ்சின் தட்டாமல் ஓடப் பெட்ரோலில் ஈயச் சேர்மம் ஒன்றைக் கலக்கலாம் என்று 1921இல் கண்டுபிடித்தவர். 1924 அக்டோபரில், அதைத் தயாரித்த ஆலை ஒன்றில் தொழிலாளிகள் புத்தி பேதலித்து ஐந்து பேர் செத்துப்போனார்கள். மிட்ஜ்லி பத்திரிகைக்காரர்களைக் கூட்டினார். அவர்கள் கண்ணெதிரே அந்தத் திரவத்தைக் கையில் ஊற்றிக் கழுவிக் காட்டினார். புட்டியை மூக்கருகே பிடித்து முகர்ந்தும் காட்டினார். ஒன்றும் ஆகாது என்றார். அதற்கு முந்திய வருஷம்தான் அவரே ஈய விஷத்துக்காக ஓய்வெடுத்துவிட்டு வந்திருந்தார்! அந்த ஈயம் பெட்ரோலிலிருந்து போக இந்தியாவில் 2000ஆம் வருஷம் ஆயிற்று. உலகத்திலேயே கடைசியாக அல்ஜீரியாவில் 2021இல்தான் நின்றது. மிட்ஜ்லி பொய் சொன்னாரா என்பதல்ல என் விஷயம். ஒரு நாள் கையை நனைத்தவர், தினமும் நனைக்கிறவர்களுக்குச் சாட்சி சொல்ல வந்துவிட்டார். என் மைத்துனனும் அப்படித்தான். விளையாட்டாக ஒரு முறை உறிஞ்சியவனும் கூலிக்காகத் தினமும் உறிஞ்சுகிறவனும் செய்தது ஒரே காரியம் அல்ல.

ஒரு வாரம் கழித்து வண்டியை எடுக்கப் போனபோது பையன் இல்லை. "மார்ல சளி சார், காய்ச்சல். ஆஸ்பத்திரியில வெச்சிருக்காங்க. வந்துடுவான்" என்றார் மேஸ்திரி. பெட்ரோலால் வந்ததா, வேறு எதனாலா, நான் கேட்கவில்லை. பில்லில் 'பழைய பெட்ரோல் இறக்கியது' என்று ஒரு வரி இருந்தது: நூற்றைம்பது ரூபாய். கைப் பம்பைவிட ஐம்பது ரூபாய் மலிவு.

மேஸ்திரியைக் கொடியவர் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. பம்பு வாங்கட்டுமா என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். அவரும் முப்பது வருஷம் உறிஞ்சியவர்தான். அவரிடம் நான் தயங்கித் தயங்கிச் சொன்னபோது அவர் ஒரு பதில் வைத்திருந்தார். "நீங்க சொல்றது சரி சார். ஆனா பையன்கிட்டப் போயி இத்த வாணாம்னு சொல்லிப் பாருங்க. கோச்சிக்குவான். இந்தத் தெருவுல அவன மாதிரி இழுக்க ஆள் இல்லன்னு அவனுக்கு ஒரு இது."

இது என்னைப் பல நாள் தொந்தரவு செய்தது. பையன் வேலையில் பெருமைப்படுகிறான். பெட்ரோல் வருவதற்கு முன்னால் உதட்டில் சில்லென்று காத்துப்படும், அதை வைத்தே வாயை எடுத்துவிடுவேன் என்று அன்றைக்கு என்னிடமே விளக்கினான். அது வித்தை. பாம்பு பிடிக்கிறவனுக்கும் பனை ஏறுகிறவனுக்கும் இருக்கிற வித்தை. அதை வேண்டாம் என்று சொல்ல, இஸ்திரி போட்ட சட்டையுடன் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் நான் யார்? இரக்கம் என்ற பெயரில் ஒருவனுடைய கௌரவத்தைப் பிடுங்குவதும் ஒரு அநியாயந்தானே?

யோசித்துப் பார்த்ததில் ஒரு வித்தியாசம் தெரிகிறது. பனை ஏறுகிறவனுக்கு ஏறுவதைத் தவிர வேறு வழியில்லாத காலம் இருந்தது. இங்கே வேறு வழி இருக்கிறது. ஒன்றல்ல, மூன்று நான்கு. குழாயில் பெட்ரோல் தானாக இறங்குவதற்குத் தேவை தொடக்கத்தில் ஒரே ஒரு மூச்சுத்தான். குழாய் ஒரு தடவை நிறைந்துவிட்டால் அப்புறம் பூமி இழுத்துக்கொள்ளும், மனிதன் தேவையில்லை. அந்த முதல் மூச்சையும் மனிதன் கொடுக்கவேண்டியதில்லை. குழாய் முழுவதையும் பெட்ரோலுக்குள் முக்கி நிரப்பி, நுனியைக் கட்டைவிரலால் அடைத்து வெளியே இழுத்துத் தாழ்வில் விட்டால் ஓடும். டாங்க் வாயைத் துணியால் அடைத்து இன்னொரு குழாய் வழியாக உள்ளே ஊதினாலும், காற்று அழுத்திப் பெட்ரோலை வெளியே தள்ளும். உறிஞ்சாமல் ஊதினால் போதும். இல்லையென்றால் இருநூறு ரூபாய்ப் பம்பு. இத்தனை வழிகள் இருக்க, ஒரு வாலிபனின் மார்பு ஏன் நடுவில் வந்தது? அது இருநூறு ரூபாய்க்கும் குறைவு என்பதால். அவனுடைய வீரம் அவனுடையது. அதை அவன் எங்கே வேண்டுமானாலும் செலவழிக்கட்டும். அதைக் காட்டி என் இருநூறு ரூபாயை நான் மிச்சம் பிடிப்பது வேறு.

அவன்தான் சம்மதித்தானே என்பார்கள். சம்மதம் மட்டும் போதாது என்பதை நம் சட்டமே ஒரு விஷயத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. சாக்கடைக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்கக்கூடாது என்று 2013இல் சட்டம் வந்தது. இறங்குகிறவன் தானே விரும்பி இறங்கினான் என்று சொல்லி இறக்கியவன் தப்ப முடியாது. பட்டறைப் பள்ளத்துக்கும் அந்த நியாயம்தானே?

ஊத்துக்கோட்டையைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் சுருட்டப்பள்ளி என்ற ஊர் இருக்கிறது. அங்கே சிவன் படுத்திருக்கிறார். லிங்கமாக அல்ல; ஆலகால விஷத்தை அருந்திய களைப்பில் அம்மையின் மடியில் தலை வைத்துப் பள்ளிகொண்ட கோலத்தில். போன பிரதோஷத்துக்கு வீட்டில் எல்லாருமாகப் போயிருந்தோம். கூட்டத்தில் நின்றபோது எனக்கு மூலக்கொத்தளம் நினைவுக்கு வந்தது. அமுதத்துக்காகக் கடைந்தவர்கள் எத்தனையோ பேர். விஷம் வந்ததும் எல்லாரும் ஓடினார்கள். அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டவர் அவர்களிலெல்லாம் பெரியவர். நம் பட்டறையிலோ விஷத்துக்கு முறை வந்ததும் இருப்பவர்களில் மிகச் சின்னவனைத் தேடுகிறோம். புராணத்தைக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிற நாம்தான்.

இன்னொரு விஷயம் பாக்கியிருக்கிறது. இறக்கிய பெட்ரோல் என்ன ஆயிற்று?

இரண்டு டாங்க்கிலுமாகப் பதினெட்டு லிட்டர்போல வந்தது. "இத்த இன்னா பண்றது?" என்று பையன் கேட்டான். கொஞ்சத்தை வைத்து மேஸ்திரி பல்சக்கரங்களைக் கழுவினார். மீதி டின்னில் இருந்தது. நாங்கள் சாயங்காலம் கிளம்பும்போது டின் காலி. பட்டறை வாசலில் மழைநீர் வடிகால் ஒன்று இருக்கிறது. அதன் மூடி நனைந்திருந்தது. மழை பெய்யவில்லை.

அந்த வடிகாலுக்குக் கால்வாய்தான் கதி. இந்தக் கால்வாயை முதலில் 1806 வாக்கில் பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வியாபாரி சென்னையிலிருந்து எண்ணூர்வரை வெட்டினார். தெற்கே கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டை வெட்டியவர்கள் 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினி கிடந்த ஜனங்கள். கஞ்சிக்கும் கூலிக்கும் வெட்டினார்கள். பெயர் மட்டும் கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவுடையது. ஒரு காலத்தில் இதில் விறகும் உப்பும் நெல்லும் படகில் வந்தன. இன்று வடக்கே எண்ணூர்க் கழியில் போய்ச் சேர்வது நாம் வேண்டாமென்று விட்டதெல்லாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு, மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்திலிருந்து எண்ணெய் கலந்து இந்தக் கால்வாய் வழியாகத்தான் எண்ணூர்க் கழியில் இறங்கியது. வலை கறுத்தது, படகு கறுத்தது, வீட்டுச் சுவரில் வெள்ளம் நின்ற மட்டம்வரை கறுப்புக் கோடு. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. அரசாங்கம் பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. ஆனால் அந்த எண்ணெயைத் தண்ணீரிலிருந்து எடுத்தது யார்? காட்டுக்குப்பம், எண்ணூர்க்குப்பம் மீனவர்கள்தான். படகில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் குவளையால் மொண்டு மொண்டு டிரம்மில் ஊற்றினார்கள். பலர் கையில் உறைகூட இல்லை. அதற்கு ஆறு வருஷம் முன்னால், 2017 ஜனவரி 28ஆம் தேதி, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோதும் இதே காட்சிதான். எர்ணாவூர்க் கரையில் தார்போலக் கெட்டித்த எண்ணெயை இயந்திரம் இழுக்கத் திணறியது. மனிதர்கள் வாளி வாளியாகக் கையால் அள்ளினார்கள்.

கப்பலும் ஆலையும் பெரிய சமாச்சாரம், என் பதினெட்டு லிட்டர் எந்த மூலை என்று நான் கேட்டுக்கொள்ளலாம். கேட்டும் கொண்டேன். ஆனால் அந்தப் படங்களைப் பத்திரிகையில் பார்த்தபோது எங்கள் வீட்டுக் கூடத்தில் என்ன பேசினோம் என்பது எனக்கு நினைவிருக்கிறது. "பாவம்" என்றோம். அப்புறம், "தண்ணியிலேயே கிடக்கிற ஜனங்க, அவங்களுக்குப் பழக்கம்" என்றோம். சொன்னது மைத்துனன் அல்ல. நான்.

கழியில் எண்ணெய் அள்ளுவது எந்தத் தலைமுறையில் எந்த மீனவனுக்குப் பழக்கமாக இருந்தது?

இரண்டு மாதம் கழித்து ஒரு கைப் பம்பு வாங்கிக்கொண்டு நான் மட்டும் மூலக்கொத்தளம் போனேன். பையன் வேலைக்கு வந்திருந்தான், இளைத்திருந்தான். பம்பைப் பார்த்துச் சிரித்தான். மேஸ்திரி முன்னால் ஒரு முறை அமுக்கிக் காட்டினான். "நல்லாத்தான் கீது சார். கொஞ்சம் லேட்டாவும்" என்றான். ஆணியில் மாட்டினான். எனக்குப் பெரிய புண்ணியம் செய்த நிறைவு. அந்த நிறைவோடு நாலு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

மறுபடி போனபோது பம்பு அதே ஆணியில் தொங்கியது. பெட்ரோல் பட்டுப் பட்டு ரப்பர் இறுகி, உருண்டையின் நடுவில் நீளமாக ஒரு வெடிப்பு. பள்ளத்தில் ஒரு மினி வேன். பையன் குழாயை வாயில் வைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் எடுத்தான்.

"அது பூட்ச்சி சார். நல்லா ஒழைச்சிது, சும்மா சொல்லக்கூடாது. இன்னொண்ணு வாங்கியாந்து தர்றியா?"

மேஸ்திரி, "டேய்" என்று அதட்டினார். மினி வேன்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் பக்கத்துத் தெருவில் கடை திறந்திருக்குமா என்று கேட்டேன்.